குளிசையின் நிறமும் மருந்தின் குணமும்

ரொறன்ரோவின் பார்க்டேலில் ஜேம்சன் அவெனியூவின் இருமருங்கும் நிற்கும் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில், திபெத்தியரும் பிலிப்பீனியரும் ரோமா மக்களும் குடியிருக்கும் அதே தளங்களில், ஸ்காபரோவில் உள்ளதைப் போன்ற பெருந்தொகையினராக இல்லாவிடினும், இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் நெடுநாளாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் மூத்தோரிடம் மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், வியாதியைப் பற்றிய முறைப்பாட்டுக்கு முன்னரே வெளிப்படுவது வேறொரு மனக்குறை: போன மாதம் வெள்ளையாகவும் வட்டமாகவும் இருந்த பிறஷர் குளிசை இம்மாதம் மஞ்சளாகவும் நீளமாகவும் வந்திருக்கிறது, ஆகையால் பாமசிக்காரர் மலிவான சரக்கைக் கொடுத்துவிட்டார், இது ‘ஒறிஜினல்’ அன்று, ‘ஜெனரிக்’, அதனால்தான் தலை சுற்றுகிறது.

இந்த மனக்குறையை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது தகாது. தன் உடலுக்குள் நாள்தோறும் செலுத்தும் பொருளைக் கண்ணால் பார்த்து, அது நேற்றைய பொருள்தானா என்று ஐயுறுகின்ற மனிதன் விவேகமுள்ள மனிதன். ஆயினும் அந்த ஐயம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், அபாயம் குறைந்த ஓரிடத்தில் தன் வலிமை முழுவதையும் செலவிட்டுவிட்டு, அபாயம் மிகுந்த இடத்தைக் கவனியாது கடந்து போகின்றது. இதுவே நான் இங்கே சொல்ல விரும்பும் விஷயம். ஒரே மருந்தை வேறொரு கம்பெனி செய்து மலிவாகத் தருவதால் விளையும் தீங்கு மிகச் சொற்பம். ஒரு மருந்தோடு இன்னொன்று சேருவதாலும், எதற்காகத் தொடங்கப்பட்டது என்று எவரும் நினைவு கூராத ஒரு மருந்து ஆண்டுக்கணக்கில் தொடருவதாலும் விளையும் தீங்கு மிகப் பெரிது. இந்த உண்மையை நிரூபித்த ஆராய்ச்சிகளில் மிக முக்கியமானவை சில, பார்க்டேலிலிருந்து டிராம் வண்டியில் போய் வரக்கூடிய தூரத்தில், இந்த ரொறன்ரோ மாநகரிலேயே நடந்தவை.

முதலில் மலிவுக் குளிசையைப் பற்றிய சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். மூல மருந்தின் காப்புரிமை முடிந்தபின் அதே மருந்தைப் பொதுப்பெயரில் விற்க விரும்பும் கம்பெனி, தன் குளிசையை உட்கொண்டவர்களின் இரத்தத்தில் மருந்து சேரும் அளவும் வேகமும் மூல மருந்தை ஒத்திருக்கின்றன என்று ஹெல்த் கனடாவுக்குப் பரீட்சை நடத்திக் காட்ட வேண்டும். ஒப்பீட்டின் எல்லை நூற்றுக்கு 80 முதல் 125 வரை என்று விதி கூறுவதைக் கேட்ட சிலர், குளிசையில் மருந்து நூற்றுக்கு 80 பங்குதான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். விதியின் பொருள் அதுவன்று. கணிப்பில் ஏற்படக்கூடிய பிழையையும் உள்ளடக்கிய முழு வீச்சும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. அவ்வாறு அடங்க வேண்டுமாயின் சராசரி வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்க முடியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் 1996 முதல் 2007 வரை தம்மிடம் வந்த 2,070 பரீட்சைகளைத் தொகுத்து நோக்கியபோது, உடலில் சேரும் மொத்த அளவில் கண்ட சராசரி வேறுபாடு நூற்றுக்கு 3.5 மட்டுமே. அளவு சிறிது பிசகினாலும் ஆபத்து நேரக்கூடிய மருந்துகளுக்குக் கனடா அவ்வெல்லையை மேலும் இறுக்கி, 90 முதல் 112 வரை என்று வகுத்திருக்கிறது.

இரத்தத்தில் ஒத்திருப்பது ஒருபுறம் இருக்க, நோயாளி பிழைத்தாரா, மீண்டும் வைத்தியசாலைக்கு வந்தாரா என்பதல்லவா இறுதியான பிரமாணம் என்று கேட்கலாம். கேட்பது நியாயம். ஒன்ராறியோவில் 65 வயதைக் கடந்தவர்களின் மருந்துச் செலவை மாகாண அரசு ஏற்றுக்கொள்வதால், எவருக்கு எந்த மருந்து எந்த நாளில் வழங்கப்பட்டது என்பதும், அவர் பிற்பாடு வைத்தியசாலையில் சேர்ந்தாரா என்பதும் பதிவேடுகளில் இருக்கின்றன. 1992-ல் நிறுவப்பட்ட ஐ.சி.ஈ.எஸ். என்னும் ஆராய்ச்சி நிலையம், தனியாள் அடையாளங்களை நீக்கி, அப்பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்து ஆராய வழி செய்திருக்கிறது. மாரடைப்பு முதலிய இருதய நோய்களால் வைத்தியசாலையில் சேர்ந்து வீடு திரும்பிய முதியோரில், லிப்பிட்டோர் பெற்றவர்களையும் அதன் பொதுப்பெயர் வடிவமான அடோர்வாஸ்டாடின் பெற்றவர்களையும், வயதும் நோயும் ஒத்த 7,863 இணைகளாக அமைத்து ஒப்பிட்ட ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தவர்களும் மீண்டும் அந்நோய்க்கு ஆளானவர்களும் இரு பக்கத்திலும் நூற்றுக்கு 17.7. இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் கிளோப்பிடோக்ரெல் விஷயத்தில் 2018-ல் வந்த முடிவும் ஏறத்தாழ அவ்வாறே. அளவு பிசகினால் ஆபத்தான வார்ஃபரினைப் பற்றி 2006-ல் வந்த ஒன்ராறியோ ஆராய்ச்சியும் பொதுப்பெயர் மருந்தால் தீங்கு கூடியதாகக் காணவில்லை.

இதற்கு மாறான சாட்சியம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லுவது கடமை. கியூபெக் மாகாணத்தில் இரத்த அழுத்தத்துக்கான லொசார்டன், வல்சார்டன், கன்டசார்டன் என்னும் மூன்று மருந்துகளில் ஒவ்வொன்றும் பொதுப்பெயரில் சந்தைக்கு வந்த மாதத்திலேயே, அவற்றுக்கு மாறிய முதியோர் வைத்தியசாலைக்கும் அவசரப் பிரிவுக்கும் செல்லுதல் நூற்றுக்கு 8 முதல் 14 வரை அதிகரித்தது என்று 2017-ல் ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. அதன் ஆசிரியர்களே அம்முடிவை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும் என்றனர். மாற்றம் நிகழ்ந்த மாதத்தில் தோன்றிய அந்தத் தொல்லைக்கு மருந்தின் குணம் காரணமா, அல்லது மாற்றம் என்னும் நிகழ்ச்சியே காரணமா என்ற கேள்வி அங்கே எழுகின்றது. அக்கேள்விக்குப் பின்னர் வருவேன்.

தயாரிப்பில் நேரும் மோசடியையும் அஜாக்கிரதையையும் பற்றியும் பேசாதிருக்க இயலாது. பொதுப்பெயர் மருந்து செய்த இந்தியாவின் ரான்பாக்ஸி கம்பெனி 2013-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் அத்தகைய குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. 2018-ல், சீனாவில் செய்யப்பட்ட வல்சார்டன் மூலப்பொருளில் புற்றுநோயை விளைவிக்கக்கூடிய அசுத்தம் கலந்திருப்பது தெரிந்து, கனடாவிலும் பல கம்பெனிகளின் குளிசைகள் திரும்பப் பெறப்பட்டன. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் பாணியில் டைஎத்திலீன் கிளைகோல் என்னும் நச்சு கலந்திருந்ததும், அதைப் பருகிய குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் மாண்டதும் தமிழர் எவரும் மறக்கக் கூடாத துயரங்கள். ஆனால் அந்தப் பாணி கோல்ட்ரிஃப் என்னும் வியாபாரப் பெயரிட்டே விற்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மேல்விசாரணை தளர்ந்தால் பெயர் பெற்ற மருந்தும் கொல்லும், பெயரற்ற மருந்தும் கொல்லும். தொழிற்சாலைக்குள் சென்று சோதிக்கும் பரிசோதகர்களின் தொகையையும் அதிகாரத்தையும் பெருக்குமாறு அரசைக் கேட்பதே இதற்குப் பரிகாரம். விலை கூடிய டப்பாவை நாடி ஓடுவது பரிகாரமாகாது.

நம்மவருக்கு இது புதிய விஷயமும் அன்று. பேராசிரியர் சேனக பிபிலேயும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் வழியே, 1971-ல் இலங்கையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது, ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் வந்து குவிந்திருந்த நிலை மாறி, தேவையான மருந்துகள் மட்டும் பொதுப்பெயரில் இறக்குமதி செய்யப்படலாயின. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வளர்ந்த ஒரு தலைமுறையின் காய்ச்சலைத் தணித்தவை அக்கூட்டுத்தாபனக் குளிசைகளே. 1977-ல், பிபிலே மறைந்த அதே ஆண்டில், உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அக்கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவின் வாசலில் வரிசையில் நின்று வாங்கிய மருந்தை நம்பிய பெற்றோரின் பிள்ளைகள், இங்கே குவீன் வீதியில் கிடைக்கும் பொதுப்பெயர் மருந்தை நம்ப மறுப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இனி, நிறத்தின் விஷயத்துக்கு வருகிறேன். பொதுப்பெயர் மருந்தின் உண்மையான குறை இதுவே என்பது என் அபிப்பிராயம். போஸ்டனில் ஆரோன் கெசல்ஹைம் என்பவரும் அவருடைய குழுவினரும், மாரடைப்புக்குப் பின் பொதுப்பெயர் மருந்துகளை உண்டு வந்த பல்லாயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் கண்ட முடிவு இது: குளிசையின் நிறம் மாறியபின் நோயாளி அம்மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 34 கூடுகிறது, வடிவம் மாறினாலோ நூற்றுக்கு 66 கூடுகிறது. மருந்து மாறவில்லை, அளவு மாறவில்லை, மாறியது தோற்றம் ஒன்றே. நிறுத்தியவரின் இருதயம் அதற்கு விலை கொடுக்கிறது. இதைவிடக் கொடியது, பழைய போத்தலில் எஞ்சியிருந்த வெள்ளைக் குளிசையையும் புதிய மஞ்சட் குளிசையையும் இரு வேறு மருந்துகள் என்று கருதி, இரண்டையும் சேர்த்து விழுங்குதல். கியூபெக்கில் மாற்றம் நேர்ந்த மாதத்தில் கண்ட தொல்லைக்கு இத்தகைய குழப்பமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் கருதுகிறேன்.

குளிசையின் நிறம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. ரொறன்ரோவின் அபோடெக்ஸ் கம்பெனி, மெட்டோப்ரோலோல் என்னும் இருதய மருந்தை, சீபா-கைகி கம்பெனியின் லொப்ரெசர் குளிசையைப் போன்ற தோற்றத்தில் செய்து விற்றபோது, மூலக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1992-ல் வந்த தீர்ப்பில், தோற்றத்தால் மயங்கக்கூடிய வாடிக்கையாளர்கள் எவர் என்று ஆராயுமிடத்து, வைத்தியரையும் மருந்தாளரையும் போல நோயாளியையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. நோயாளிக்கும் கண் உண்டு, அவன் குளிசையைத் தோற்றத்தால் அறிகிறான் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது பெரிய காரியமே. ஆனால் அவ்வழக்கில் தீர்க்கப்பட வேண்டியிருந்தது இரு வியாபாரிகளுக்கிடையிலான நற்பெயர் உரிமை. நிறம் வியாபாரியின் சொத்து என்ற நோக்கில் மட்டும் சட்டம் நின்றுவிட்டால், ஒரு மருந்தைச் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் வேறுபட்ட தோற்றத்தைத் தேடும். ஒவ்வொரு முறை கம்பெனி மாறும்போதும் முதியவரின் மேசையில் குழப்பம் வளரும். அமெரிக்கக் கட்டுப்பாட்டுத் துறை 2015-ல், பொதுப்பெயர்க் குளிசைகள் பருமனிலும் வடிவிலும் மூலக் குளிசையை ஒத்திருக்க வேண்டும் என்று ஆலோசனை வெளியிட்டது. கனடா அதற்கும் ஒரு படி மேலே சென்று, நிறத்தையும் நோயாளியின் பாதுகாப்புக்குரிய பொருளாகக் கொள்ள வேண்டும்.

ஆயினும் நிறக் குழப்பத்தையும் விடப் பெரிய அபாயம், முதலில் நான் குறித்தபடி, சேர்க்கையில் இருக்கிறது. சன்னிபுரூக் வைத்தியசாலையைச் சேர்ந்த டேவிட் ஜூர்லிங்க் முதலியோர், ஒன்ராறியோவின் முதியோரைப் பற்றி 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அறிந்திருத்தல் நலம். நீரிழிவுக்குக் கிளைபியூரைட் உண்பவர், சிறுநீர்க் கிருமிக்காகக் கோ-டிரைமொக்சசோலையும் பெற்ற வாரத்தில், சீனி அளவு அபாயகரமாகக் குறைந்து வைத்தியசாலையில் சேரும் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல்; இருதயத்துக்கு டிகொக்சின் உண்பவர் கிளாரித்ரோமைசின் பெற்றால் நச்சு நிலை ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு; ஏ.சி.ஈ. வகை இரத்த அழுத்த மருந்தோடு பொட்டாசியத்தைத் தேக்கும் நீர்க்குளிசை சேர்ந்தால், இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து வைத்தியசாலை செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ இருபது மடங்கு. இவற்றுள் கிளைபியூரைட் நம் ஊரில் டயோனில் என்றும், கோ-டிரைமொக்சசோல் செப்ட்ரின் என்றும் பேர் பெற்றவை. விலை கூடியதை வாங்கினாலும் மலிவானதை வாங்கினாலும் இச்சேர்க்கையின் தீமை ஒன்றே.

நல்ல மருந்தும் அளவற்ற உற்சாகத்தோடு எழுதப்பட்டால் என்னாகும் என்பதற்கும் இம்மாகாணமே சாட்சி. பொட்டாசியத்தைத் தேக்கும் அவ்வகை நீர்க்குளிசையான ஸ்பைரோனோலாக்டோன் இருதயத் தளர்ச்சியில் உயிர் காக்கும் என்று 1999-ல் ஒரு புகழ் பெற்ற பரீட்சை நிரூபித்தது. அதன்பின் அம்மருந்தை எழுதுதல் பன்மடங்காகப் பெருகியது; பொட்டாசிய மிகுதியால் வைத்தியசாலையில் சேர்ந்தவர்களின் தொகை, 1994-ல் ஆயிரம் பேருக்கு 2.4 ஆக இருந்தது, 2001-ல் 11 ஆக உயர்ந்தது என்று ஜூர்லிங்கும் அவர் தோழர்களும் 2004-ல் காட்டினர். பரீட்சையில் சேர்க்கப்பட்டவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அடிக்கடி இரத்தம் சோதிக்கப்பட்டவர்கள். வீதியில் நடமாடும் முதியவருக்கு அக்கண்காணிப்பு வாய்க்கவில்லை.

இன்னொரு வகைத் தீங்கு மெல்ல மெல்ல வளர்வது. ஒரு மருந்தின் பக்க விளைவைப் புதிய வியாதி என்று கருதி, அதற்கொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றொரு மருந்து என்று சங்கிலியாகத் தொடர்வதை, ரொறன்ரோவைச் சேர்ந்த டொக்டர் போலா ரோச்சன், ஜெரி கர்விட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1997-ல் தெளிவாக வருணித்தார். அம்லோடிப்பின் முதலிய பிறஷர் குளிசைகளால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைக் கண்ட வைத்தியர் நீர்க்குளிசை எழுதுவார். நீர்க்குளிசையால் இரவில் பலமுறை எழுந்து செல்ல நேரும். இருட்டில் எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். ஒன்ராறியோவில் அத்தகைய பிறஷர் குளிசையைப் புதிதாகத் தொடங்கிய ஏறத்தாழ 41,000 முதியோரைப் பற்றி 2020-ல் வெளியான ஆராய்ச்சி, தொண்ணூறு நாளுக்குள் அவர்களுக்கு நீர்க்குளிசை எழுதப்படும் வாய்ப்பு ஏனைய பிறஷர் மருந்தினரைவிட இரு மடங்கு என்று கண்டது. கால் வீங்கியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது எந்தக் குளிசையால் வந்திருக்கக்கூடும்?

பார்க்டேலுக்கு இவ்விஷயத்தில் தனியொரு பொறுப்பும் உண்டு. 1850-ல் குவீன் வீதியில் திறக்கப்பட்ட மனநோயாளர் விடுதியிலிருந்து, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியனுப்பப்பட்ட பலர், இப்பகுதியின் வாடகை அறைகளில் வந்து குடியேறினர். அத்தகையவருள் மனநோய்க்கென்று லித்தியம் உண்ணும் ஒருவர், முதுகுவலிக்கென்று ஐபியூபுரூஃபன் வாங்கி உண்டாலும், பிறஷருக்கென்று புதிய குளிசை தொடங்கினாலும், லித்தியம் இரத்தத்தில் தேங்கி நச்சாகக்கூடும். தனியே வாழும் அவருக்கு அதை எடுத்துச் சொல்ல எவர் இருக்கிறார்? நம் வீட்டு மூத்தோருக்குப் பிள்ளைகளேனும் உளர்.

பிள்ளைகள் செய்யக்கூடிய முதற்காரியம், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், கொழும்பிலிருந்து உறவினர் கொணர்ந்த பொதி உட்பட, ஒரு மேசையில் பரப்பி, பொதுப்பெயரின்படி ஒரு தாளில் எழுதுதல். அப்போதுதான் டயோனிலும் இங்கே தந்த கிளைபியூரைட்டும் ஒன்றென்பதும், பனடோலும் டைலினோலும் ஒன்றென்பதும், தலைவலிக்கு அதுவும் கால்வலிக்கு இதுவுமாக உண்டு வந்தவர் ஈரலைக் கெடுக்கும் அளவை நெருங்கியிருக்கிறார் என்பதும் வெளிப்படும். பொதுப்பெயரைக் கற்றுக்கொண்டவரை வியாபாரப் பெயர் ஏமாற்றாது. எல்லா மருந்தையும் ஒரே பாமசியில் வாங்கி, அத்தாளை அங்குள்ள மருந்தாளரிடமும் குடும்ப வைத்தியரிடமும் காட்டுவது அடுத்த காரியம். தாமாக எதையும் நிறுத்திவிடலாகாது. திடீரென்று நிறுத்தினால் தீங்கு விளைக்கும் மருந்துகள் பல. ஆனால் நோயாளி கேட்டால் வைத்தியர் இணங்குகிறார் என்பதற்கு நல்ல நிரூபணம் உண்டு: கியூபெக்கில் காரா டானென்பாம் நடத்திய, 2014-ல் வெளியான பரீட்சையில், நெடுநாள் தூக்கக் குளிசை உண்ட 303 முதியோரில், அதன் தீமைகளை விளக்கும் ஒரு சிறு பிரசுரத்தைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 27 பேர் ஆறு மாதத்தில் அதை விட்டொழித்தனர், பெறாதவர்களுள் 5 பேர் மட்டுமே. அத்தகைய பிரசுரம் தமிழில் எழுதப்பட்டு ஜேம்சன் அவெனியூவின் ஒவ்வொரு கதவின் கீழும் இடப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பணமின்மையும் பாதுகாப்புக் கேடுதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 65 வயதை எட்டாதவர், வேலையிடத்துக் காப்புறுதி அற்றவர், குளிசையைப் பாதியாக முறித்து நாளைக் கடத்துகிறார். செயின்ட் மைக்கேல்ஸ் வைத்தியசாலையின் டொக்டர் நவ் பெர்சாட், செலவுக்கஞ்சி மருந்தை விட்டுவிட்ட 786 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு 128 அத்தியாவசிய மருந்துகளை இலவசமாக வழங்கிய பரீட்சையின் முடிவு 2019-ல் வெளிவந்தது. மருந்தை ஒழுங்காக உண்டவர்கள் இலவசமாகப் பெற்றோரில் நூற்றுக்கு 38.2, ஏனையோரில் 26.6. இலவசமாகத் தந்தும் பாதிக்கு மேற்பட்டோர் ஒழுங்காக உண்ணவில்லை என்பதையும் நோக்குக; விலைக்கு அப்பால், விளக்கமும் தேவைப்படுகிறது. 2010-ல் ஒன்ராறியோ அரசு தன் திட்டத்தில் பொதுப்பெயர் மருந்தின் விலையை மூல மருந்தின் கால் பங்குக்கு இறக்கியபோது, பொதுக் கருவூலம் பெருந்தொகையை மிச்சப்படுத்தியது. அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கு, நிறம் மாறும் நாளில் நோயாளிக்கு அதை எடுத்துச் சொல்லும் ஏற்பாட்டுக்கும், போத்தலின் சீட்டில் மருந்தின் பொதுப்பெயரையும் அது எந்த வியாதிக்கு என்பதையும் அவரவர் மொழியில் அச்சிடுவதற்கும் போதும். நியூயோர்க் மாநிலம் 2012-ல் சட்டம் இயற்றி, பெரிய பாமசிகள் பிறமொழியாளருக்கு மருந்துச் சீட்டை மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்று விதித்தது. தமிழும் திபெத்திய மொழியும் டகாலொக்கும் ஒரே மாடிப்படியில் கேட்கும் பார்க்டேலிலிருந்து அதனைத் தொடங்க ஒன்ராறியோ அரசு தயங்குவதற்கு நியாயமான காரணம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.